சுக்கண்ணன் சுமந்த அசதி

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றால், என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிர்ந்து மடியில் விழட்டும்! காவிரித் தண்ணீர்மேல் சத்தியம். தண்ணீர் இல்லாத மாசமாக இருந்தால் அந்த மணல்மேல் சத்தியம். இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. ஓடப்பாளையத்துக்கே நேரில் போய் விசாரித்துவிட்டு, சிரித்த வாயை மூடிக்கொண்டு திரும்பியவர்களும் உண்டு. அதனால் சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளலாம். அப்புறம் கொட்டாவி விடத்தான் நேரம் இருக்கும்.

ஓடப்பாளையம் விசைத்தறி ஊர். வீட்டுக்கு வீடு தறி, தறிக்குத் தறி சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அங்கே காதல் சொல்பவன்கூடக் கத்தித்தான் சொல்வான், எழவு வீட்டில் ஆறுதல் சொல்பவர்களைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் சண்டை என்று நினைத்து விலக்கிவிட ஓடிவருவார்கள், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள் தறி ஓடும்வரை தூங்கி, தறி நின்றால் வீரிட்டு அழும். அந்த ஊரில் பாவு பிணைக்கிறவன் அர்த்தனாரி. தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூலான பாவு தீரப்போகிறது என்றால் அவனுக்கு ஆள் அனுப்புவார்கள். அவன் போய்த் தறிக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்து, பழைய பாவின் ஒவ்வொரு நூல் நுனியையும் புதிய பாவின் ஒவ்வொரு நூல் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு முறுக்கு முறுக்கி ஒட்டுவான். ஒரு பாவுக்கு மூவாயிரம் நூல், மூவாயிரம் முறுக்கு. கடைசி நூலை முறுக்கி முதுகை நிமிர்த்துவதற்குள் தறி ஓடத் தொடங்கிவிடும், அடுத்த பட்டறையிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்பான்.

ஆகையால் ஐம்பத்தொரு வயது வரைக்கும் அர்த்தனாரி எதனுடைய முடிவையும் பார்த்ததில்லை. ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்றை ஒட்டுவதுதான் அவன் பிழைப்பு. அவன் கைபட்ட பாவெல்லாம் எங்கோ துணியாகி, எங்கோ அறுபட்டு, யாரோ கட்டிக்கொண்டு போனார்கள்.

"எதையாச்சும் ஒண்ண, ஒரேயொரு தடவ, கடைசி வரைக்கும் போய்ப் பாத்துரோணும் புள்ள," என்பான் பெண்டாட்டியிடம்.

வீட்டில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொடுக்கும் தெய்வானை, ராட்டையை நிறுத்தாமல், "மொதல்ல தட்டுல போட்ட சோத்தக் கடைசி வரைக்கும் தின்னுட்டு எந்திரிங்க," என்பாள். அதுவும் நடந்ததில்லை. பாதிச் சோற்றில் ஆள் வந்துவிடும்.

அவனுடைய மச்சினன் புதுப் போன் வாங்கியபோது பழையதை இவனிடம் கொடுத்தான். அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. வெள்ளைக்கார தேசத்தில் அதற்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு பெயர். ஓடப்பாளையத்தில் ஏழுவாசல் என்றார்கள். ஒரு மலை, மலைக்கு ஏழு வாசல், ஏழாவது வாசலைத் தாண்டினால் நூறு படி, நூறாவது படியில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்கள் யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அங்கே கால் வைத்ததும் கதை முடிந்துவிடும், அப்படித்தான் விளையாட்டு முதல் நாளே எழுதிக் காட்டியது. அந்தக் கடைசி வரியை அர்த்தனாரி மூன்று தடவை படித்தான்.

உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அதே மலையில் ஒரே நேரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். உன் வீரனுக்கு என்ன பெயர் என்று போன் அவசரப்படுத்திக் கேட்டது. அர்த்தனாரி அப்போது கையில் வைத்திருந்ததைப் பார்த்து, சுக்குக்காப்பி என்று எழுதினான். இப்படியாக அந்த மலையில் இடிவிழுங்கி, இருள்வாள் வேந்தன் என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டவர்கள் ஏறிப்போகிற பாதையில், கையில் ஒரு கம்போடு சுக்குக்காப்பி என்கிற மாவீரனும் ஏறத் தொடங்கினான்.

ஒரு பாவுக்கும் அடுத்த பாவுக்கும் இடையில் கிடைத்த கால் மணி, அரை மணிகளை ஒட்டி ஒட்டி மூன்று வருஷம் ஏறினான். முதல் வாசலில் காட்டுப்பன்றியைக் கம்பால் அடித்து அதன் கோரைப்பல்லை வாளாக்கினான், இரண்டாம் வாசலில் நாணல் ஆற்றை மூங்கில் பிடித்துக் கடந்தான், மூன்றாம் வாசலில் எருமைத்தலை அரக்கனிடம் நாற்பத்திரண்டு தடவை செத்து நாற்பத்து மூன்றாவது தடவை ஜெயித்தான். நான்காம் வாசலில் ஒரு கயிற்றுப் பாலம் அறுந்து தொங்கியது. பிரியெல்லாம் பிய்ந்து ஆயிரக்கணக்கில் காற்றில் ஆடியது. மற்றவர்கள் கழுகு வாடகைக்குப் பிடித்துப் பறந்துபோனார்கள். சுக்குக்காப்பி உட்கார்ந்தான். பதினோரு நாள் ஒவ்வொரு பிரியாகப் பிணைத்தான். எட்டாம் நாள் அவனைச் சுற்றி வேடிக்கை பார்க்க இருநூறு வீரர்கள் கூடிவிட்டார்கள். அதில் ஒருத்தி மஞ்சள்நரி என்று பெயர் வைத்துக்கொண்ட மருத்துவச்சி. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஆடுகிறவள், மெஷின் மொழிபெயர்த்த தமிழில் எழுதுவாள்.

"மதிப்பிற்குரிய சுக்குக்காப்பி, உமது விரல்கள் வியப்பிற்குரியவை. நான் தொழிற்சாலையில் இறால் உரிக்கிறேன். எனது விரல்களும் சோர்வானவை."

"எனக்கும் அதே கததாங்க," என்று அர்த்தனாரி எழுதினான். அது அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அன்றிலிருந்து அவள் அவன் கூடவே ஏறினாள்.

ஐந்தாம் வாசல் தாண்டி ஆறாம் வாசலுக்குப் பாதி தூரம் போயிருக்கையில் விளையாட்டு ஓர் அறிவிப்பு ஒட்டியது. இத்தனாம் தேதி மாலை ஆறு மணிக்கு ஏழாம் வாசல் மூடப்படும். அதற்குள் நூறு படி ஏறாதவர்கள் அத்தனை பேரும் அடிவாரத்துக்கு, முதல் நாள் கொடுத்த அதே கம்போடு திரும்ப வேண்டும். தெய்வானை காலண்டரைப் புரட்டித் தேடினாள்.

"ஆயுத பூசைங்க அன்னிக்கு," என்றாள். "அஞ்சு மாசம் இருக்குதே, அதுக்குள்ள ஏறிப்புடுவீங்க."

ஏறியிருப்பான். சித்திரை வெயிலில் கைலாசம் முதலாளியின் பட்டறையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பாவு பிணைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சுக்குக்காப்பியை நடக்கவைக்கப் போனில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். பிடரியிலிருந்து ஏதோ இறங்கியது. தோளுக்கு வந்து, முழங்கைக்கு வந்து, மணிக்கட்டுக்கு வந்து, குழாய் வழியாகத் தண்ணீர் போகிற மாதிரி கட்டைவிரல் வழியாகப் போனுக்குள் போயே போய்விட்டது. அர்த்தனாரி எழுந்து நின்றான். எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி இருந்தது. போனுக்குள் சுக்குக்காப்பி நடையை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, நெற்றியை வழித்து உதறிவிட்டு, ஒரு பாறைமேல் உட்கார்ந்தான்.

அர்த்தனாரிக்கு ஒன்றே ஒன்றுதான் ஆச்சரியம். இந்தப் பயலுக்கு உட்காரத் தெரியும் என்று மூன்று வருஷமாகச் சொல்லவே இல்லையே!

வீட்டுக்கு வந்து தெய்வானையிடம் சொன்னான். "அப்படீங்களா, எனக்குங் கொஞ்சம் எறக்கி வெய்யுங்க," என்று அவள் ராட்டையிலிருந்து கையை எடுத்துக் கட்டைவிரலை நீட்டினாள். அவளுடைய இருபத்தாறு வருஷத்துக் கழுத்துக் கடுப்பு இறங்கிப்போக ஒரு நிமிஷம் ஆனது. உடனே எழுந்து, அடுப்பு மேடையைக் கழுவி, பரணை ஒழித்து, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனதும், அடுத்த வீட்டு சரசக்காளைக் கூப்பிட்டாள். சரசக்கா எட்டுத் தறி பார்க்கிறவள். நின்று நின்று அவள் கால் நரம்பெல்லாம் பச்சை மண்புழுவாகச் சுருண்டிருக்கும். அவள் இறக்கி வைத்தபோது சுக்குக்காப்பி பாறையிலிருந்து ஒரு தடவை சரிந்து, திரும்ப ஏறி உட்கார்ந்தான்.

வைகாசிக்குள் ஊர் முழுக்கப் பழகிவிட்டது. புதிதாகக் கரன்ட் வந்தபோதும் குழாய் வந்தபோதும் எப்படியோ அப்படித்தான். யாரும் சாமி என்று கும்பிடவில்லை, பேய் என்று ஓடவில்லை, எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் கம்மி என்றுதான் கேட்டார்கள். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் அர்த்தனாரி வீட்டு வாசலில் வரிசையாக நின்றார்கள், விரலில் எண்ணெய் இருந்தால் துடைத்துவிட்டு வைக்க வேண்டும் என்று ஒரு பழந்துணி கட்டித் தொங்கவிடப்பட்டது, மாசமாக இருப்பவர்களுக்கு வரிசை இல்லை என்று ஆனது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி வந்து நெடுநேரம் விரலை வைத்துப் பார்த்தாள்; துக்கம் இறங்கவில்லை. கடன்காரன் ஒருவன் பயத்தை இறக்கப் பார்த்தான், நடக்கவில்லை. வெறும் அசதி மட்டும்தான் இறங்கும் என்று ஊர் தெரிந்துகொண்டது. சுக்குக்காப்பி என்று பேரைச் சொல்லக் கூச்சப்பட்டு, இத்தனை சுமக்கிறவனை வெறும் பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று, சுக்கண்ணன் என்றார்கள்.

நஷ்டப்பட்டவன் டீக்கடை மாரண்ணன் ஒருவன்தான். அசதி இல்லாதவன் எதற்கு டீ குடிப்பான்? ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "நீங்க இப்படி எறக்கி வெச்சுட்டே போனீங்கன்னா நான் என் பாய்லரக் காவேரில எறக்கி வெக்கோணும்," என்றான். நியாயம்தான் என்று வரிசையை அவன் கடை முன்னால் மாற்றிவைத்தார்கள். நிற்கிறவர்களுக்கு மோர் விற்றான். அசதியற்ற உடம்போடு வீட்டுக்குப் போன ஆண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆனி மாசம் ஊரில் பதினோரு வீட்டில் புதுச் சண்டை, ஏழு வீட்டில் பழைய சண்டையில் சமாதானம், ஒரு வீட்டில் முப்பது வருஷத்துக்குப் பிறகு புருஷன் பெண்டாட்டியைப் பார்த்து, உனக்கு இடது கன்னத்தில் மச்சம் உண்டா என்று கேட்டான்.

அப்புறம்தான் கைலாசம் முதலாளி யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. தறி நின்றால் அவருக்கு நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான்.

"ஏப்பா, ஒருத்தருக்கும் அசதி இல்லீங்கறீங்க. அப்புறம் எதுக்குத் தறி நிக்கோணும்?"

பன்னிரண்டு மணி நேரம் பதினாறானது. ஆளுக்கு எட்டுத் தறி பன்னிரண்டானது. கைலாசம் செய்ததை மற்ற முதலாளிகளும் செய்தார்கள். அசதி இரண்டு பங்காக வந்தது, இரண்டு பங்காக இறக்கி வைத்தார்கள், காலையில் ஒரு வரிசை, மாலையில் ஒரு வரிசை. வரிசையில் நிற்பதே ஓர் அசதியாகி அதையும் சேர்த்து இறக்கினார்கள். புரட்டாசி பிறந்தபோது கூட்டிக் கழித்துப் பார்த்தால் சித்திரைக்கு முன்னால் இருந்த அதே ஊர்தான், அதே கண் இடுங்கல்தான், தறி மட்டும் கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது.

போனுக்குள் சுக்கண்ணன் ஆறாம் வாசலை எப்படியோ தாண்டியதோடு கூன் போட்டுவிட்டான். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கல்லில் வைக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. ஒரே வீச்சில் ஏழு பூதத்தை வெட்டிய வாளை ஊன்றுகோலாக்கி நடந்தான். மலைக் காக்கைகள் அவனை மரம் என்று நினைத்துத் தோளில் உட்கார்ந்தன. இடிவிழுங்கி அவனைத் தாண்டிப் போனான், இருள்வாள் வேந்தன் தாண்டிப் போனான், நேற்று கம்பு வாங்கிய சின்னப் பையன்கள் தாண்டிப் போனார்கள். மஞ்சள்நரி மட்டும் கஷாயம் காய்ச்சிக் காய்ச்சி ஊற்றினாள்.

"உமது வீரனுக்கு நோய் இல்லை. நான் சோதித்தேன். அவரிடம் நானூறு பேரின் களைப்பு உள்ளது. தயவுசெய்து விரல்களை நிறுத்தவும்."

"நீங்க மேல போங்க அம்மிணி," என்று அர்த்தனாரி எழுதினான். "உங்களுக்கும் வாசல் மூடிரும்."

"தனியாகப் பார்த்துவிட்டு யாரிடம் சொல்வது?" என்று அவள் எழுதினாள்.

ஒருநாள் அர்த்தனாரி மனசைக் கல்லாக்கிக்கொண்டு, போனை வீட்டுக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்தினான். இன்னும் பன்னிரண்டு நாள். யாரும் விரல் வைக்காமல் இருந்தால் சுக்கண்ணன் தேறிவிடுவான், வாசல் தாண்டிவிடுவான், நூறாவது படியைப் பார்த்துவிடலாம். டீக்கடை வரிசை அவன் வாசலுக்கே வந்து முனகியது. கைலாசம் வந்து, "ஏப்பா அர்த்தனாரி, ஊருக்கே பொதுவான சாமானத்த உள்ள வெச்சுத் தாப்பா போட்டா எப்படி?" என்று அதட்டினார். அதற்கு அவன் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சத்தமே இல்லாமல் இருந்ததால் திறந்தான். சரசக்கா நின்றுகொண்டிருந்தாள். கேட்கவில்லை, கும்பிடவில்லை, வீங்கிய ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள்.

"வாங்கக்கா," என்று போனை நீட்டினான்.

"உன்ற மலை என்னாகறது சாமி?"

"அது கெடக்குதுங்க."

உள்ளேயிருந்து தெய்வானை, "இந்த மனுசன் கடைசி வரைக்கும் ஒரு கதவச் சாத்துனாப்பலயும் இல்ல," என்றாள். ஆனால் அவள்தான் சரசக்காளுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நாற்பது நாள் நடந்து, ஒரு மணி நேரத் தூரத்தைக் கடந்து, சுக்கண்ணன் ஏழாம் வாசலைத் தொட்டான். வாசலுக்கு அப்பால் படிகள் தெரிந்தன. அன்று மாலை வரிசைதான் ஊரிலேயே பெரிய வரிசை, மறுநாள் பூஜை என்று எல்லோரும் மொத்தமாக இறக்கினார்கள். அவன் வாசல்படியில் கையூன்றி நின்றான், அதற்குமேல் நகரவில்லை.

ஓடப்பாளையத்தில் வருஷத்தில் ஒரேயொரு நாள்தான் தறி நிற்கும். அன்றைக்கு தறியில் நூல் ஓட்டும் நாடா, கத்தரி, ஸ்பேனர், எண்ணெய் டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து இலைமேல் பரப்புவார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் அந்த ஆயுதம் தொட்டவனுக்கு ஜென்மத்துக்கும் அடங்காது என்பது ஊர் நம்பிக்கை. முதலாளிமார் கூடிப் பேசினார்கள். "ஊருக்கே பெரிய ஆயுதம் அதுதானுங்களே," என்றார் கைலாசம். அதனால் பந்தலின் நடு இலையில், சாமந்தி சுற்றிய சார்ஜர் வயரோடு, அர்த்தனாரியின் போனை வைத்தார்கள். பூசாரி சந்தனம் வைத்தார். கண்ணாடியில் வைத்த பொட்டு, உள்ளே நின்றிருந்த சுக்கண்ணனின் நெற்றிக்கு நேராக விழுந்தது. தீபாராதனை காட்டியபோது தறிகளை நிறுத்தினார்கள். ஊர்க் குழந்தைகள் மொத்தமும் வீரிட்டன.

எல்லோரும் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கும்போதே, சுக்கண்ணன் வாசல்படியில் மெதுவாக உட்கார்ந்தான், பக்கவாட்டில் சாய்ந்தான், வாளைத் தள்ளிவைத்தான், தூங்கிப்போனான். சித்திரையிலிருந்து விரல் படாத முதல் பகல் அது.

மத்தியானம் மூன்று மணிக்கு மஞ்சள்நரி எழுதியதைப் பந்தலில் ஒருவர் உரக்கப் படித்தார். அவள் நாடி பார்த்திருந்தாள். நூறு படி ஏறும் அளவுக்கு அவனுக்குப் பலம் வந்துவிட்டது, ஐந்து மணிக்கு எழுப்பினால் போதும், ஆறுக்குள் உச்சிக்குப் போய்விடலாம், தயவுசெய்து அவரது தோளை அழுத்தவும்.

பந்தல் அமைதியானது. தறியும் ஓடாததால் நிஜமாகவே அமைதியானது. ஆறு ஓடுகிற சத்தத்தைக் கேட்டு இது என்ன சத்தம் என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். எல்லோரும் அர்த்தனாரியைப் பார்த்தார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது சரசக்கா எழுந்தாள். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறன்," என்றாள் பொதுவாக. திரும்பிக்கொண்டாள்.

மாரண்ணன் எழுந்தான். "எனக்கும் ஆத்தப் பாக்கோணும்போல இருக்குது."

ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பிள்ளைகளின் தலையைப் பிடித்துத் திருப்பினார்கள். நானூறு முதுகுகள் பந்தலைச் சுற்றி நின்றன. பூசாரி விபூதித் தட்டைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். கைலாசம் முதலாளி மட்டும், "இதென்னப்பா அக்கிரமம், பூசையில வெச்ச..." என்று ஆரம்பித்தார், அவர் பெண்டாட்டி அவர் சட்டையைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

"தொடுங்க," என்றாள் தெய்வானை, முதுகைக் காட்டிக்கொண்டே. "எந்தச் சாமியும் கோவிச்சுக்காது. கோவிச்சா எங்கிட்ட வரச் சொல்லுங்க."

அர்த்தனாரி இலைமுன் உட்கார்ந்து கட்டைவிரலை நீட்டினான். கண்ணாடிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல் போகிற இடைவெளி. வாசல் திறந்திருந்தது. முதல் படி, இரண்டாம் படி, மேலே வெள்ளையாக என்னவோ. கீழே சுக்கண்ணன். ஒரு கை கன்னத்துக்கு அடியில், வாய் பாதி திறந்து, ஓரத்தில் எச்சில் கோடு; விடியக்காலை முதல் பஸ்ஸில் கம்பியில் தலை முட்டி முட்டித் தூங்கிக்கொண்டு போகிற தறிக்காரர்கள் ஒவ்வொருவரும் எப்படி இருப்பார்களோ அப்படியே இருந்தான். அர்த்தனாரி தன் வாழ்நாளில் தான் எழுப்பப்பட்ட விதங்களை நினைத்தான்: கதவைத் தட்டி, காலைச் சுரண்டி, சைக்கிள் மணி அடித்து, பேர் சொல்லி, பேர் சொல்லாமல். ஒருவரும் பாவம் என்று ஒரு நிமிஷம் நின்றதில்லை. நின்றால் தறி நின்றுவிடும்.

விரலை மடக்கிக்கொண்டான். மடக்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால். முதுகுகள் யாரும் திரும்பவில்லை. ஆறு மணிக்கு ஏழாம் வாசல் மூடிக்கொண்டது, சத்தம்கூட இல்லை.

"எழுப்பவில்லையா?" என்று மஞ்சள்நரி எழுதினாள்.

"மனசு வல்லீங்க," என்று அவன் விரல் படாமல் போனுக்கு நேராகக் குனிந்து சொன்னான், போன் அதை எழுத்தாக்கி அனுப்பியது.

"நல்லது. நானும் தூங்கப் போகிறேன்."

"என்னாச்சு?" என்று சரசக்கா திரும்பாமலே கேட்டாள்.

"தூங்கறானுங்கக்கா. உட்டுட்டேன்."

போனுக்குள் மலை ஒரு தடவை மங்கித் தெளிந்தது. அடிவாரத்தில், முதுகு நிமிர்ந்து, கையில் ஒரு கம்போடு, எதையுமே சுமந்திராத ஒரு சுக்குக்காப்பி நின்றுகொண்டிருந்தான். அவன் இத்தனை நாள் சுமந்தது அங்கே இல்லை. அது ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. கடைசி பஸ்ஸில் வந்திறங்கிய ஒறம்பரைச் சொந்தக்காரர்கள் போல, யாரிடமும் வழி கேட்காமல், ஐந்து மாசத்து அசதியும் அவரவர் ஆளை அடையாளம் கண்டு வந்து சேர்ந்தது. வந்த அசதியைப் பார்த்து அட, இது என்னுடையதுதான் என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டு, நின்ற இடத்தில் உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தில் படுத்தார்கள். சரசக்கா பந்தல் காலில் சாய்ந்தபடியே. மாரண்ணன் மோர்ப்பானையைக் கட்டிக்கொண்டு. பிள்ளைகள் அம்மாக்கள் மேல். அர்த்தனாரியும் தெய்வானையும் வீடுவரை போனார்கள், கதவைச் சாத்த முடியாமல் வாசல் அறையிலேயே விழுந்தார்கள்.

அந்த ஊர் மூன்று பகல் நாலு ராத்திரி தூங்கியது. ஆதார் அட்டைமேல் அடித்துச் சொல்கிறேன்.

எதையும் இறக்கி வைத்திராத முதலாளிமார் மட்டும் விழித்திருந்தார்கள். கைலாசம் பட்டறை பட்டறையாக ஓடினார். மனசு கேட்காமல் அவரே ஒரு தறியைப் போட்டுவிட்டார். பத்து நிமிஷத்தில் நூல் அறுந்தது. ஒட்டத் தெரியாமல் அதை விரலில் சுற்றிக்கொண்டு அர்த்தனாரி வீட்டுக்கு வந்தார். தட்டினார், கூப்பிட்டார், உலுக்கினார். இரண்டாம் நாளும் வந்தார். மூன்றாம் நாள் வந்து, கூப்பிடாமல் வாசல்படியில் உட்கார்ந்தார். தூங்குகிறவர்கள் முகத்தில் ஈ மொய்த்தது. வேறு வேலையும் இல்லாததால் ஒரு செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

அப்புறம் எல்லோரும் எழுந்து, தறியெல்லாம் பழைய பன்னிரண்டு மணி நேரத்துக்கே ஓடியது, போனில் யார் விரல் வைத்தாலும் பிசுபிசுப்பைத் தவிர ஒன்றும் இறங்காமல் போனது, இதெல்லாம் நடந்தது. முதலில் எழுந்தவன் அர்த்தனாரி. நாலாம் நாள் காலை.

யாரும் அவனைத் தொடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. தூக்கம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, கடைசியில் ஒற்றை நூலளவுக்கு வந்து, அதுவும் நழுவி, முடிந்தது. அதற்கு அப்பால் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. எவ்வளவு தேவையோ அவ்வளவும் தூங்கியாயிற்று. தூங்குவதற்கு இனி ஒரு இம்மி பாக்கி இல்லை. ஐம்பத்தொரு வருஷத்தில் அவன் போயிராத இடம். அசையாமல் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் தெய்வானை கண் விழித்தாள்.

"என்னத்தப் பாக்கறீங்க, மோட்டுவளைய?"

"முடிஞ்சுருச்சு புள்ள."

"எது?"

"தூக்கம். தானா முடிஞ்சுது. கடைசி வரைக்கும் போய்ட்டேன்."

வாசல்படியில் செய்தித்தாள் சரசரத்தது. கைலாசம் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமில்லாத சின்னக் குரலில் கேட்டார்: "ஏப்பா அர்த்தனாரி, எந்திரிச்சுட்டியா?"

அர்த்தனாரி வாயைத் திறந்தான். தெய்வானை அதன்மேல் கையை வைத்து மூடினாள்.

"இன்னும் இல்லீங்க மொதலாளி!" என்று கத்தினாள். "ரெண்டு பேருமே எந்திரிக்கல!"

இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. யார் சொன்னார் என்று கேட்டால் மட்டும், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். தெய்வானை சொன்னது பொய் என்று கைலாசத்துக்கு இன்றுவரை தெரியாது. மருந்து வாங்க நான் அவர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.